ஆயிரம் ருசியாத்தே

கடலடி இணையக் கம்பி அறுந்து நான்கு நாளாகியிருந்தது. தீவில் எவருடைய கைபேசியிலும் ஒரு கோடுகூட எழவில்லை. கடல் கண்காணிப்பு அலுவலகக் கூரையிலிருந்த செயற்கைக்கோள் தட்டைப் புயல் பிடுங்கிக்கொண்டுபோய்த் தேவாலயத்துத் தென்னந்தோப்பில் கவிழ்த்துப் போட்டிருந்தது. இருந்தும், உனைசியின் முன்னாலிருந்த பழைய கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி நகர்ந்துகொண்டிருந்தது.

இறங்குகிறது. இரண்டு விழுக்காடு.

அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். 'ஆக்டேவ் மென்பொருளை நிறுவு' என்ற அந்தக் கட்டளையை அவள் நம்பி அடிக்கவில்லை. கடை பூட்டியிருக்கிறது என்று தெரிந்தும் ஒருமுறை கதவைத் தட்டிப் பார்ப்பார்களே, அப்படித்தான் அடித்தாள். தொடர்பு இல்லை என்று அது சொல்லும், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிடலாம் என்றிருந்தாள். அது அப்படிச் சொல்லவில்லை. மூன்று விழுக்காடு என்றது.

"வேலை செய்யுதா?" தரையிலிருந்து கெலேரா கேட்டாள்.

"செய்யுது போலத்தான் இருக்கு மதினி."

"நீ அந்தப் பொட்டியைப் பாக்கற பார்வையை ஒரு ஆம்பளையைப் பாத்திருந்தா, இந்நேரம் ரெண்டு புள்ள பெத்திருப்ப."

உனைசிக்குச் சிரிப்பு வரவில்லை. கெலேராவும் சிரிக்கவில்லை. நாத்தனாரும் மதினியும் ஒரே அறையில் இருந்தால் கேலி பேசியே ஆகவேண்டும் என்பதால் பேசினாள், அவ்வளவுதான். அவள் உனைசியின் அண்ணன் ருசியாத்தேயின் மனைவி. சேறு இன்னும் காயாத தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் மூடிபோட்ட பாத்திரம் ஒன்றை வைத்திருந்தாள். உள்ளே வேகவைத்த மரவள்ளிக்கிழங்கும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும். புதன்கிழமையிலிருந்து தினமும் சமைத்து எடுத்துவருகிறாள். தினமும் சாயங்காலம் பன்றிக்குப் போடுகிறாள். வந்ததும் அவருக்குப் பசிக்குமாம்.

செவ்வாய்க்கிழமை காலையில், புயல் வருவதற்கு முன்னால், உனைசிதான் சொல்லியனுப்பினாள். "மதினி, அண்ணன்கிட்ட சொல்லுங்க. நேரமிருந்தா பவளப்பாருக்கு வெளியே இருக்கற அந்த அலைமானி மிதவையை மட்டும் உள்ள இழுத்துப்போட முடியுமான்னு." நேரம் இருந்ததோ இல்லையோ, அவன் படகை எடுத்தான். தங்கை கேட்டதை மறுக்கிற அண்ணன் அந்தத் தீவில் இல்லை. மிதவை திரும்பி வரவில்லை. அவனும் வரவில்லை. இன்று வெள்ளி.

அவனிடம் நேரில் சொல்லியிருக்க அவளால் முடியாது. அவள் பெரியவளான நாளிலிருந்து, தீவின் வழக்கப்படி, இருவரும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதில்லை. அவள் அறைக்குள் நுழைந்தால் அவன் முதுகைத் திருப்பிக்கொள்வான். கோபத்தால் அல்ல, தங்கைக்கு அண்ணன் தருகிற மரியாதை முழுவதும் அந்த ஒரு திரும்பலில் இருந்தது. கொழுத்த மீன் கிடைத்தால் அவள் சமையலறை வாசலில் வைப்பான், இரண்டு முறை இருமுவான், கடலைப் பார்த்துத் திரும்பி நிற்பான். அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு நடப்பான். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கெலேராவிடம்: "அவங்ககிட்டச் சொல்லு." இருபத்தாறு வருடம். அண்ணனின் முகம் அவளுக்கு மங்கலாகத்தான் நினைவிருந்தது. முதுகு தெரியும். இடது தோள் சற்றே தாழ்ந்த முதுகு.

ஒன்பது விழுக்காடு.

மேசையின் ஓரத்தில் வயர்லெஸ் கரகரத்தது. பக்கத்துத் தீவில் நங்கூரமிட்டிருந்த ரோந்துப் படகிலிருந்து சமிசோனி.

"உனைசி, என்ன ஆச்சு? சரியா அஞ்சு மணிக்குக் கெளம்பறேன். எண்ணெய் ஒரு பக்கத்துக்குத்தான் காணும். வடக்கா தெற்கான்னு மட்டும் சொல்லு."

"தலைநகர் சுவாவுல கணக்குப் போட்டுத் தர மாட்டாங்களா?"

"கேட்டேன். காணாமப் போன படகு வரிசையில உங்க அண்ணன் நாப்பத்தொண்ணாவது. ஞாயித்துக்கிழமைதான் வரும்." கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். "உனக்குத் தெரியாததில்ல. கடல்ல ஒரு ஆளு நாலு நாள் தாங்குவான். அஞ்சாம் நாள் நான் போறது வேற வேலைக்கு."

கெலேரா பாத்திரத்தின் மூடியை இன்னும் அழுத்தி மூடினாள்.

மணி மூன்றரை. வெளியே பகல் இருந்தது என்று சொல்ல முடியாது. மேகம் கூரைமேல் ஈரத்துணி போலக் கிடந்தது, ஜன்னலில் சாம்பல் நிற வெளிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. புயலன்று கடல் இந்த அறைக்குள் இடுப்பளவு வந்துபோயிருந்தது. நல்ல கணினியை மூழ்கடித்தது அதுதான். மிஞ்சியது பரணில் கிடந்த, மின்கலப் பெட்டியில் ஓடுகிற இந்தப் பழசு. முன்பிருந்த அதிகாரி யாரோ லினக்ஸ் போட்டுவைத்துவிட்டுப் போனது. கடலில் விழுந்தவர் எங்கே ஒதுங்குவார் என்று கணக்கிடும் நிரல் உனைசியிடம் ஒரு சின்னப் பென்டிரைவ் குச்சியில் பத்திரமாக இருந்தது. ஆனால் அது ஆக்டேவ் மொழியில் எழுதியது. ஆக்டேவ் இல்லாத கணினியில் அது வெறும் எழுத்து. அரிசி இருந்து அடுப்பில்லாத வீடு.

"அந்தக் கணக்கு எப்படிடி கண்டுபிடிக்கும்?" கெலேரா கேட்டாள். "அது என்ன சாமியா?"

"அண்ணன் எந்தப் பக்கம் போனாருன்னு நமக்குத் தெரியாதுல்ல மதினி. அதனால ஒருத்தருக்குப் பதிலா ஆயிரம் பேரைக் கடல்ல விடுவோம். மிதவை இருந்த எடத்துலேர்ந்து ஆயிரம் புள்ளி. ஒவ்வொண்ணுக்கும் காத்து கொஞ்சம் மாறும், நீரோட்டம் கொஞ்சம் மாறும். நெறயப் பேரு எங்க போய்ச் சேர்றாங்களோ, அங்க தேடணும்."

"ஆயிரம் ருசியாத்தேயா!" கெலேரா மார்பில் கைவைத்தாள். "ஒருத்தருக்கு வடிச்சுக் கொட்டியே நான் இளைச்சுட்டேன்."

இந்த முறை இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அறையில் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் நின்றது.

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றிருந்தது. அனுப்புகிறவரின் முத்திரை பொருந்தவில்லை. அடையாளம் தெரியாத இடத்திலிருந்து வருகிறது. ஏற்கவா?

இந்த வேலையில் இருக்கிற எவரும் இதை நின்று படிப்பதில்லை. பழைய கணினிக்குள் இருக்கும் கடிகார மின்கலம் செத்துப்போனால் தேதி கெட்டுவிடும், தேதி கெட்டால் எந்த முத்திரையும் பொருந்தாது. 'ஆம்' என்று தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். உனைசியும் தட்டினாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தச் சத்தத்தைக் கவனித்தாள். பவளப்பாரில் அலை உடைகிற சத்தம் அவளுக்குப் பிறந்ததிலிருந்து காதில் இருப்பது; அதைக் கேட்கிறோம் என்ற நினைவே வராது. இப்போது கேட்டது, ஏனென்றால் ஒவ்வொரு அலை உடையும்போதும் திரையில் எண் ஒன்று ஏறியது. அலை. இருபத்திரண்டு. நீர் பின்வாங்கிக் கற்களை உருட்டிக்கொண்டு போகிற நீண்ட இழுப்பு, எண் அசையாது. அலை. இருபத்து மூன்று. கணினியின் விசிறி அந்த இழுப்போடு சேர்ந்து காற்றை உள்ளே வாங்குவதுபோல் இருந்தது. அதிலிருந்து வந்த காற்றில் சூடான தூசியின் வாசனை இல்லை. வெயிலே படாத ஆழத்துச் சேற்றின் வாசனை, ஒரு பெரிய மீனின் வயிற்றைக் கீறும்போது வருகிற அந்தக் குளிர்ந்த வாசனை, அவள் முகத்தில் வந்து வந்து போனது.

வெளியே யாரோ நடந்துபோனார்கள். ஈரமணலில் பாதம் பதிந்து எடுபடும் சத்தம்.

"வாங்க, சாப்பிட வாங்க!" கெலேரா பார்க்காமலேயே கூப்பிட்டாள். வாசலைக் கடக்கிற எவரையும் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய். தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

காலடி நின்றது.

உனைசி எழுந்துபோய் ஜன்னல் வழியே பார்த்தாள். மணல், அறுந்த வலை, உடைந்த துறைமேடை. யாரும் இல்லை.

"யாருடி?"

"யாருமில்ல மதினி. நாயா இருக்கும்."

"நாயெல்லாம் ஆளுங்களோட மலைப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சே."

திரும்பி வந்தபோது இன்னொரு கேள்வி காத்திருந்தது. இதனுடன் சேர்ந்து வரவேண்டியவை: ஆயிரம். அனைத்தையும் ஏற்கவா?

ஆக்டேவோடு நாற்பது, ஐம்பது துணைத்தொகுப்புகள் வரும். நூறுகூட வரலாம். அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயிரம் என்ற எண்ணை அவள் இன்னும் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. வாயால்தான் சொல்லியிருந்தாள்.

மணி மூன்றே முக்கால்.

ஆம்.

எண்கள் வேகமாக ஏறின. ஐம்பது, ஐம்பத்தைந்து. கம்பியை எப்படியோ சரிசெய்துவிட்டார்களோ? அவள் வயர்லெஸ்ஸை அழுத்தினாள். "சமிசோனி, இணையம் வந்துருச்சா?"

"எங்க வர? கம்பியை ஒட்டுப்போடற கப்பலே இன்னும் கெளம்பல. ஒரு மாசம் ஆகுங்கறாங்க. ஏன் கேக்கற?"

அவள் பொத்தானை விட்டாள். மெல்லக் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். கணினியின் பின்புறத்திலிருந்து இணையத்துக்கான நீலக் கம்பி இறங்கியது. அதைச் சுவரில் செருக வேண்டும். அவள் செருகியிருக்கவில்லை, சுவரில் செருக இடமே இல்லை, புயல் அதைப் பெயர்த்திருந்தது. கம்பியின் முனை தரையில் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு சிறிய நீர்த்தேக்கம். வெளியே அலை உடைந்தது. கம்பியின் முனையிலிருந்து ஒரு விரற்கடை நீர் துப்பிக்கொண்டு வந்தது. நின்றது. அலை. மறுபடி வந்தது.

விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

எழுந்தாள். மின்விசைப் பொத்தானில் கையை வைத்தாள். ஒரு அழுத்து. அவ்வளவுதான் வேண்டும். எண்பத்தொன்று. கெலேரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி.

நாற்பத்தொன்றாவது. ஞாயிற்றுக்கிழமை. வேற வேலைக்கு.

உனைசி கையை எடுத்துவிட்டாள்.

"ஆயிருச்சு மதினி," என்றாள். "முக்கால்வாசி ஆயிருச்சு."

நாலே காலுக்கு நிறுவல் முடிந்தது. குச்சியிலிருந்த நிரலை ஏற்றினாள். புயலின் காற்று, நீரோட்டம், ஓதம், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி, மிதவையின் இடம். ஆட்களின் எண்ணிக்கை கேட்டது. அவள் எண்ணை அடிப்பதற்குள் அங்கே ஆயிரம் என்று இருந்தது. ஓட்டினாள்.

வரைபடம் விரிந்தது. தீவு ஒரு பழுப்புக் கறை. பாருக்கு வெளியே ஆயிரம் வெள்ளைப் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. காற்று தெற்கே தள்ள வேண்டும், நீரோட்டம் வடக்கே இழுக்க வேண்டும், புகைபோல அவை சிதற வேண்டும். வடக்கா. தெற்கா.

புள்ளிகள் சிதறவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு எல்லாம் சேர்ந்து மேற்கே திரும்பின. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கட்டுப்படாமல். தீவை நோக்கி.

எங்கோ ஒரு கழித்தல் குறி தவறியிருக்க வேண்டும். அவள் வரிவரியாகப் பார்த்தாள். குறி சரியாக இருந்தது. காற்று சரியாக இருந்தது. புள்ளிகள் பாரின் வாயிலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி உள்ளே நுழைந்தன. துறைமேடையைத் தொட்டன. கரையைத் தொட்ட புள்ளி அங்கேயே நின்றுவிட வேண்டும். அது நிரலின் முதல் விதி. அவை நிற்கவில்லை. மணலில் ஏறின. உடைந்த வலையைச் சுற்றிக்கொண்டு நடந்தன.

"கெலேரா!"

வெளியிலிருந்து. ஆண்குரல்.

பாத்திரம் உருண்டது. கெலேரா எழுந்துவிட்டிருந்தாள். அவள் முகத்தில் நான்கு நாளும் ஒரே நொடியில் அழிந்தன. "வந்துட்டாரு! உனைசி, அவரு வந்துட்டாருடி!"

"மதினி, இருங்க. போகாதீங்க."

"நீ போடி உன் பொட்டியும் நீயும்!" கத்திக்கொண்டே சிரித்தாள், கதவைத் திறந்தாள், ஓடினாள். மணலில் அவள் ஓடுகிற சத்தம். "எங்க போயிருந்தீங்க, பாவி மனுசா, எங்க..."

சத்தம் நின்றது. பாதிச் சொல்லில்.

உனைசி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். போட்ட பிறகுதான் அதை உணர்ந்தாள். மதினி வெளியே. தாழைத் தொட்டாள். எடுக்கவில்லை.

"உனைசி."

ஜன்னலுக்கு மிக அருகில்.

அண்ணனின் குரல்தான். கெலேராவிடம் பேசும்போது சுவருக்கு மறுபக்கமிருந்து இத்தனை வருடம் கேட்ட அதே குரல். ஆனால் அந்தக் குரல் அவள் பெயரைச் சொன்னதில்லை. இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூட.

"உனைசி, கதவைத் திற."

அவள் பார்த்தாள்.

கண்ணாடியில் ஒரு முகம். அண்ணன் முகம். செவ்வாய்க்கிழமை போட்டுக்கொண்டு போன மஞ்சள் மழைச்சட்டை. அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அதே சட்டை, பாரில் உரசிக் கிழிந்து. அதே முகம், உப்பில் வெந்து. அடுத்தவன் வீங்கியிருந்தான். அடுத்தவனுக்குக் கண்களை மீன் எடுத்திருந்தது. இன்னொருவன் காயமே இல்லாமல், வெறும் களைத்து. இன்னொருவன். இன்னொருவன். மணல் முழுக்க. துறைமேடை முழுக்க. தண்ணீரில் இடுப்பளவு. ஒவ்வொருவனும் வேறு காற்றில் போனவன், வேறு நீரோட்டத்தில் மூழ்கியவன். எல்லோரும் அவள் கண்களை நேராகப் பார்த்தார்கள்.

"உனைசி." "உனைசி." "உனைசி, திற."

கெலேரா எங்கும் தெரியவில்லை.

வயர்லெஸ் கரகரத்தது. "உனைசி, அஞ்சாவுது. இஞ்சின் போட்டாச்சு. வடக்கா, தெற்கா?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போது, அத்தனை பெயர்களுக்கும் அப்பால், மிகத் தொலைவில், ஒரு சத்தம்.

இருமல். இரண்டு முறை.

அவள் ஜன்னலில் எக்கினாள். கடைசி வரிசைக்கும் பின்னால், அலை வந்து காலை நனைக்கிற இடத்தில், ஒருவன் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்து நின்றான். முதுகு மட்டும். இடது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. வலது கையில் மிதவையின் அறுந்த கயிறு.

அவளுக்குள் ஏதோ உடைந்து கண்ணில் வந்தது. பொத்தானை அழுத்தினாள்.

"சமிசோனி! இங்க வா! இங்கதான் இருக்காரு, துறைமேடைப் பக்கம், உயிரோட இருக்காரு! திரும்பி நிக்கறவருதான் என் அண்ணன், மத்ததெல்லாம் இல்ல, திரும்பி நிக்கறவரு மட்டும்..."

பொத்தானை விட்டாள்.

வெளியே அமைதி. அவள் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஜன்னலருகே இருந்தவன் அவளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தான். கேட்டுக்கொண்டதற்குத் தலையசைப்பவன் போல அசைத்தான். மெல்லத் திரும்பினான். அவனுக்குப் பின்னால் இருந்தவன் திரும்பினான். கிழிந்தவன். வீங்கியவன். கண்ணில்லாதவன். வரிசை வரிசையாக, காற்றுக்குச் சாயும் நாணல் போல, எல்லோரும் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். திரும்பியபடியே இடம் மாறினார்கள். முன்னால் இருந்தவர் பின்னால். பின்னால் இருந்தவர் நடுவில். ஒவ்வொரு வலது கையிலும் ஒரு அறுந்த கயிறு.

எங்கே? கடைசியில் நின்றவன் எங்கே?

"உனைசி? ஒண்ணும் கேக்கல," என்றான் சமிசோனி. "கடைசியாக் கேக்கறேன். வடக்கா, தெற்கா?"

ஆயிரம் தொண்டைகள் இருமின. இரண்டு முறை.

பிறகு கதவின் அந்தப் பக்கம், மிக அருகில், யாரோ மரத்தில் கன்னத்தை வைத்துப் பேசினார்கள். கெலேராவின் குரல். வாயில் தண்ணீர் இருப்பதுபோல.

"உனைசி. அண்ணன் உங்கிட்டச் சொல்லச் சொன்னாரு. கதவைத் திறக்கணுமாம். பசிக்குதாம்."

தாழின்மேல் அவள் கை இருந்தது. எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, நீர்விளிம்பு வரை, ஒருவரும் முகம் காட்டாமல், ஆயிரம் இடது தோள்கள் ஒன்றுபோலச் சற்றே தாழ்ந்து காத்திருந்தன.